எண்ணைப் பிரிப்பதும் பாதை வரைவதும்

குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை இன்டர்மீடியட் படித்தது நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில். நாகர்கோவிலை உள்ளடக்கிய நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம், 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். எந்த இயல் எண்ணையும் 73 ஆறாம் அடுக்குகளுக்கு மிகாமல் கூட்டி எழுதிவிடலாம், அதற்குக் குறைவாக வைத்தால் எல்லா எண்களுக்கும் போதாது என்று 1940-இல் வெளியான கட்டுரையில் அவர் நிறுவினார். போதாது என்பதை யாரும் சரிபார்க்கலாம். 2-இன் ஆறாம் அடுக்கு 64. 3-இன் ஆறாம் அடுக்கு 729. ஆகவே 703-ஐக் கட்ட 64-ஐயும் 1-ஐயும் மட்டுமே பயன்படுத்த முடியும். பத்து 64 போக மிச்சம் 63 ஒன்றுகள். ஆக மொத்தம் 73. எல்லா எண்களுக்கும் 73 போதும் என்று காட்டுவதுதான் மலையளவு வேலை. அதைத்தான் பிள்ளை செய்தார். 1950 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்கா செல்லும் வழியில் கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார்.

ஓர் எண்ணைத் துண்டுகளாக உடைக்கும்போது, துண்டுகள் எல்லாம் அடுக்கு எண்களாகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால் அது பிள்ளை தீர்த்த வகைக் கணக்கு. நிபந்தனையே போடாமல், எத்தனை வழிகளில் உடைக்கலாம் என்று மட்டும் கேட்டால் அது பிரிவினைக் கோட்பாடு. 4-ஐ ஐந்து வழிகளில் உடைக்கலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. 10-க்கு 42 வழிகள். 100-க்கு 19,05,69,292. இங்கிலாந்தின் மேஜர் மக்மேஹன் 200 வரைக்கும் கையாலேயே கணக்கிட்டு ஒரு பட்டியல் தயாரித்தார். அந்தக் கடைசி விடை ஏறத்தாழ நான்கு லட்சம் கோடி. பிரிவினைகளின் எண்ணிக்கைக்கு ஹார்டியும் ராமானுஜனும் 1918-இல் தந்த சூத்திரம் சரிதானா என்று உரசிப் பார்க்க உதவிய உரைகல் அந்தப் பட்டியல்தான்.

அதே பட்டியலில் ராமானுஜன் இன்னொன்றையும் கண்டார். 4, 9, 14 என 4-இலோ 9-இலோ முடியும் எண்களின் பிரிவினை எண்ணிக்கை எப்போதும் 5-ஆல் வகுபடுகிறது: 5, 30, 135. இதை அவர் 1919-இல் நிறுவவும் செய்தார். ஆனால் அந்த நிரூபணம் சமன்பாடுகள் வழியே போவது. 30 பிரிவினைகளும் ஐந்து சம கூட்டங்களாகக் கண்முன்னே பிரிந்து நிற்குமா என்ற கேள்வி அப்படியே இருந்தது. 1944-இல் கேம்பிரிட்ஜ் மாணவர் இதழான யுரேகாவில் ஃப்ரீமன் டைசன் என்ற இளைஞர் வழி சொன்னார். பிரிவினையின் மிகப் பெரிய துண்டிலிருந்து துண்டுகளின் எண்ணிக்கையைக் கழியுங்கள். விடையை 5-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 4-இன் ஐந்து பிரிவினைகளுக்கும் கழித்து வருவது 3, 1, 0, -1, -3. மீதிகள் 3, 1, 0, 4, 2. ஐந்தும் வெவ்வேறு! டைசன் இதை ஊகமாகத்தான் வைத்தார். 1954-இல் அட்கினும் ஸ்வின்னர்ட்டன்-டையரும் நிறுவினார்கள். விடை சரி என்று தெரிவது ஒன்று, ஏன் சரி என்று பொருளோடு பொருளை இணைத்துப் பார்ப்பது வேறொன்று. இந்தக் கட்டுரை பேச வரும் துறை முழுவதும் அந்த இரண்டாவதன் மீது கொண்ட பற்றால் வளர்ந்தது. பாடத்திட்டத்தில் சேர்ப்பியல் என்று இருப்பதன் உயிர்நிலை அது.

இணைப்பு என்றால் என்ன என்பதற்கு மிக எளிய உதாரணம் ஆய்லர் தந்தது. ஒற்றைப்படைத் துண்டுகளாக மட்டும் உடைக்கும் வழிகளும், ஒன்றுபோல் மற்றொன்று இல்லாத துண்டுகளாக உடைக்கும் வழிகளும் எண்ணிக்கையில் சமம் என்று அவர் 1748-இல் காட்டினார். 5-க்கு முதல் வகை 5, 3+1+1, 1+1+1+1+1. இரண்டாம் வகை 5, 3+2, 4+1. 1883-இல் கிளெய்ஷர் இரண்டையும் கோத்த விதம் ஒரு வரியில் அடங்கும்: சமமான இரண்டு துண்டுகள் எங்கே இருந்தாலும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள், சேர்க்க எதுவும் மிஞ்சாதவரை. 3+1+1 என்பது 3+2 ஆகும். ஐந்து ஒன்றுகள் 2+2+1 ஆகி, பிறகு 4+1 ஆகும். திரும்பி வர, இரட்டைப்படைத் துண்டுகளைப் பாதியாக்கிக்கொண்டே போனால் போதும்.

இனி படம். நாஞ்சில் நாட்டு வாசல்களில் கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல, 4+2+1 என்ற பிரிவினைக்கு முதல் வரிசையில் நான்கு புள்ளி, அதன் கீழ் இரண்டு, அதன் கீழ் ஒன்று, எல்லாம் இடப்பக்கம் ஒட்டி. இப்போது வரிசைகளை விட்டு நெடுக்காக எண்ணினால் 3+2+1+1 கிடைக்கிறது. மிகப் பெரிய துண்டு 4 ஆக உள்ள பிரிவினைகளும் சரியாக 4 துண்டுகள் கொண்ட பிரிவினைகளும் எண்ணிக்கையில் ஏன் சமம் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் கிடையாது. ஃபெரர்ஸ் பெயரால் இந்தப் படம் வழங்குகிறது. 1853-இல் அதை அச்சில் கொண்டுவந்தவர் சில்வெஸ்டர்.

புள்ளிகளுக்குப் பதில் சதுரங்களை வைத்து, படத்தின் படிக்கட்டு போன்ற ஓரத்தை மட்டும் கோடாக வரைந்தால் அது ஒரு பாதை. ஒவ்வொரு அடியும் கிழக்கே அல்லது வடக்கே. பிரிவினை பாதையாகிவிட்டது, பாதையிலிருந்து பிரிவினையை மீட்கவும் முடியும். இரண்டுக்கு இரண்டு பெட்டிக்குள் அடங்கும் பிரிவினைகளை எண்ண வேண்டுமா? நான்கு அடிகளில் எந்த இரண்டு கிழக்கே என்று தேர்ந்தெடுத்தால் போதும்: ஆறு. பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கும் இது விளங்கும்.

இங்கேதான் ஓர் இந்தியப் பெயரை நிறுத்திச் சொல்ல வேண்டும். தாடேபள்ளி வெங்கட நாராயணா 1955-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் ஏட்டில் பிரெஞ்சு மொழியில் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை வெளியிட்டார். ஓர் எண்ணின் பிரிவினைகள் அமைக்கும் வரிசைப் பின்னலும் நிகழ்தகவில் அதன் பயன்பாடும் என்பதே தலைப்பு. பிரிவினை, பாதை, வரிசை மூன்றும் ஒரே தலைப்பின் கீழ் வந்துவிட்டன. தரைக்குக் கீழே இறங்காமல் ஏறியும் இறங்கியும் மீண்டும் தரைக்கே வரும் எட்டு அடிப் பாதைகள் 14. அவற்றைச் சிகரங்களின் எண்ணிக்கைப்படி பிரித்தால் 1, 6, 6, 1. இந்த எண்களை மக்மேஹன் முன்பே அறிந்திருந்தாலும் உலகம் இன்று நாராயணா எண்கள் என்றே அழைக்கிறது. இரண்டு வேட்பாளர்களும் கடைசியில் சம வாக்குகள் பெறும் தேர்தலில், எண்ணி முடிக்கும்வரை ஒருவர் ஒருபோதும் பின்தங்காமல் இருக்க எத்தனை வழி என்று கேட்டால் அதே பாதைகள்தான் விடையாக வந்து நிற்கும். 1979-இல் நாராயணாவும் ஸ்ரீ கோபால் மொகந்தியும் கட்டப் பாதைகள் பற்றித் தனித்தனியே நூல் வெளியிட்டார்கள். இருவரும் கனடாவில் பணியாற்றிய இந்தியர்கள்.

மூன்றாவது வரிசை. ஒரு பிரிவினையின் படம் மற்றொன்றின் படத்துக்குள் முழுதாக அடங்கினால் முன்னது சிறியது என்போம். 2+1 என்பது 3+1-க்குள் அடங்கும். ஆனால் 3-உம் 1+1-உம் ஒன்றுக்குள் ஒன்று அடங்காது. இரண்டில் எது பெரிது என்று கேட்க வழியில்லை. இப்படிச் சில இணைகளை மட்டும் ஒப்பிட முடிகிற தொகுப்பே பகுதி வரிசைக் கணம். இரண்டுக்கு இரண்டு பெட்டியில் சதுரங்களின் எண்ணிக்கைப்படி அடித்தளத்திலிருந்து தட்டுத் தட்டாக எண்ணினால் 1, 1, 2, 1, 1. எந்தப் பெட்டியை எடுத்தாலும் எண்ணிக்கை நடுவரை குறையாமல் ஏறி, பிறகு கூடாமல் இறங்கும். சில்வெஸ்டர் 1878-இல் இதை நிறுவினார். நேரடியான சேர்ப்பியல் நிரூபணத்துக்கு 1990 வரை, கேத்லீன் ஓ'ஹாரா வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. நடுத்தட்டைச் சுற்றிச் சமச்சீரான சங்கிலிகளாக இந்த வரிசையை எல்லாப் பெட்டிகளுக்கும் பிரித்துவிட முடியுமா என்பது இன்னும் தீராத கேள்வி. கேள்வியைப் புரிந்துகொள்ள ஒரு மாலை போதும். விடை இன்றுவரை பொதுவாகக் கிடைக்கவில்லை.

வெறுமையிலிருந்து ஒவ்வொரு சதுரமாகச் சேர்த்து ஒரு படத்தை எட்ட எத்தனை வழிகள் உள்ளன என்றும் எண்ணலாம். மூன்று சதுரப் படங்களுக்கு 1, 2, 1. வர்க்கங்களைக் கூட்டினால் 6, அதாவது மூன்று பொருள்களை வரிசைப்படுத்தும் வழிகள். ராபின்சன் (1938), ஷென்ஸ்டெட் (1961), நூத் (1970) ஆகியோரின் பெயர் தாங்கிய இணைப்பு இதன் காரணத்தைக் காட்டுகிறது. இந்த எண்ணிக்கை ஒற்றைப்படையாக வரும் படங்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் அவை ஒரு மரமாகக் கிளைக்கின்றன, எந்தக் கணுவிலும் இரண்டு கிளைக்கு மேல் இல்லை என்று 2016-இல் வெளியான கட்டுரையில் காட்டியவர்கள் மூவர்: பெங்களூரு அர்விந்த் ஐயர், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் அம்ரிதான்ஷு பிரசாத், புணேயில் பணியாற்றும் ஸ்டீவன் ஸ்பலோன்.

இந்தத் துறையில் இந்தியாவின் ஆகப் பெரிய பங்களிப்பு எது என்றால் லக்ஷ்மிபாய்-சேஷாத்ரி பாதைகள்தான். காஞ்சிபுரத்தில் 1932-இல் பிறந்து, சென்னைக் கணிதக் கழகத்தை உருவாக்கிய சி. எஸ். சேஷாத்ரியும் வி. லக்ஷ்மிபாயும் வடிவியல் கேள்விகளுக்கு விடை தேடும்போது வந்து சேர்ந்த இடம் அது. புருஹா வரிசை என்ற பகுதி வரிசைக் கணத்தில் ஒரு சங்கிலி, அதோடு சில பின்னங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு பாதை. பீட்டர் லிட்டில்மன் 1990-களில் இவற்றை வைத்துச் சமச்சீர்மைக் கணிதத்தின் கடினமான பெருக்கல் விதிகளைப் பாதை எண்ணும் வேலையாக்கினார். எளிய நேர்வில் அந்தப் பாதைகள், பிரிவினைப் படத்தின் சதுரங்களில் எண்களை நிரப்பிய பழைய அட்டவணைகளாகவே சுருங்கிவிடுகின்றன.

எல்லாம் இணைந்துவிடவில்லை. ரோஜர்ஸ்-ராமானுஜன் முற்றொருமையைப் பாருங்கள். துண்டுகளுக்கிடையே குறைந்தது 2 வித்தியாசம் இருக்குமாறு 9-ஐ உடைத்தால் 9, 8+1, 7+2, 6+3, 5+3+1. ஐந்தால் வகுத்தால் மீதி 1 அல்லது 4 வரும் துண்டுகளால் உடைத்தாலும் ஐந்தே வழிகள். எல்லா எண்களுக்கும் இது பொருந்தும். கார்சியாவும் மில்னும் 1981-இல் முதல் இணைப்பைக் கட்டினார்கள். ஆனால் அது முன்னும் பின்னும் பலமுறை போய்வரும் நீண்ட நடை. கிளெய்ஷர் தந்ததுபோல ஒரு வரி விதி இதற்கு இல்லாதது பெருங்குறை.

2011-இல் கிறிஸ் பெர்க்கும் கிறிஸ்டியன் ஸ்டம்பும் தொடங்கிய ஃபைண்ட்ஸ்டாட் என்ற தரவுத்தளம், பிரிவினைகள், பாதைகள், பகுதி வரிசைக் கணங்கள் ஆகியவற்றுக்கிடையே அறியப்பட்ட இணைப்புகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. ஒரு மாணவர் தாம் கண்ட எண்களை அதில் இட்டால், வேறெங்கோ அதே எண்கள் வந்திருக்கின்றனவா என்று அது தேடித் தரும். கட்டணமில்லை.

குமரி மாவட்டக் கல்லூரிகளின் கணிதத் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். இளநிலை மூன்றாம் ஆண்டில் இதை ஒரு விருப்பப் பாடமாக வையுங்கள். ஆய்வகம் வேண்டாம், கட்டம் போட்ட நோட்டும் பொறுமையும் போதும். முதல் வகுப்பில் மாணவர்களையே பத்து அடிப் பாதைகள் 42-ஐயும் வரையச் சொல்லி, சிகரங்களை எண்ணி 1, 10, 20, 10, 1 என்று அடுக்கச் சொல்லுங்கள். இரண்டாம் வகுப்பில், ஒரு சிகரம் உள்ள பாதைகளும் ஐந்து சிகரம் உள்ளவையும் எண்ணிக்கையில் ஏன் சமம், இரண்டும் நான்கும் ஏன் சமம் என்று கேட்டு, விடையை அவர்களே வரைந்து காட்டும்வரை காத்திருங்கள்.