அத்திமரமும் பேராலயமும்: வங்காரி மாத்தாயின் இரு நூல்கள்

கென்ய நாட்டின் வங்காரி மாத்தாய் அம்மையார் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் நைரோபியில் காலமானார். 2004ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசைப் பெற்றவர், அப்பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்மணி, மரம் நட்டவர். இவ்வளவோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் அவர் எழுதியவற்றுள் இரு நூல்கள் இறையியல் பயில்வோர் ஊன்றிக் கற்கத்தக்கவை. 2006இல் வெளிவந்த ‘அன்பவுட்’ அவருடைய தன்வரலாறு; பணியாதவள் என்பது தலைப்பின் பொருள். 2010இல் வெளிவந்த ‘ரிப்ளெனிஷிங் தி எர்த்’ அவருடைய ஆன்மிகச் சிந்தனைகளின் தொகுப்பு. பின்னது இறையியல் நூலாகவும், முன்னது வெறும் அரசியல் வரலாறாகவும் பலருக்குத் தோன்றும. நாம் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது நேர்மாறான முடிவுக்கே வந்தோம்.

தன்வரலாற்றின் தொடக்கப் பகுதியில் ஓர் அத்திமரம் நிற்கிறது. 1940இல் நியேரி மாவட்டத்தின் இஹிதே சிற்றூரில் பிறந்த சிறுமி விறகு பொறுக்கச் செல்கிறாள். அந்த மரத்தின் சுள்ளியைத் தொடாதே, அது கடவுளின் மரம் என்று தாய் தடுக்கிறார். கிகூயூ மக்கள் ‘முகுமோ’ என அழைக்கும் அம்மரத்தின் அருகே ஓர் ஊற்று. அதன் நீரில் தவளை முட்டைகளை மணிகளெனக் கோக்க முயன்று தோற்கும் குழந்தை விளையாட்டு. அமெரிக்காவில் உயிரியல் பயின்று திரும்பியபின் அவர் பார்க்கிறார்: தேயிலை பயிரிடுவதற்காக அம்மரம் வெட்டப்பட்டிருக்கிறது, ஊற்றும் வற்றிவிட்டது. ஆழ வேரோடி, பாறையைப் பிளந்து, நிலத்தடி நீரை மேலே வரச் செய்வது அத்தி என்பதையும், மலைச்சரிவின் மண்ணைப் பிடித்து நிறுத்துவதும் அதுவே என்பதையும் பின்னரே அவர் விளங்கிக்கொள்கிறார். பாட்டிமார் கடவுளின் பெயரால் காத்ததைக் காக்க, பேரப்பிள்ளைகளிடம் வேறு பெயர் எதுவும் இருக்கவில்லை.

இந்த இழப்பில் திருச்சபைக்குப் பங்கு உண்டா? உண்டு என்றே அம்மையார் சொல்லுகிறார். ஆயினும் கடிந்து சொல்லவில்லை. கிரினியாகா எனும் கென்ய மலையில் உறைபவர் என்று மூதாதையர் போற்றிய இறைவனை இனி ஆலயத்திலும் பரலோகத்திலுமே தேடவேண்டும் என்று மிஷனரிகள் கற்பித்தபோது, மலையும் மரமும் புனிதம் இழந்தன. புனிதம் இழந்தவை எளிதில் விற்பனைக்கு வந்தன. அவரே கத்தோலிக்கக் கன்னியரிடம் கல்வி கற்றவர். தாய்மொழியில் பேசிய மாணவியர் அவமானச் சின்னமாக ஒரு வில்லையை அணிய நேர்ந்த பள்ளி அது. அதைச் சொல்லுகிற அதே மூச்சில் அக்கன்னியரின் அன்பையும் நன்றியோடு நினைக்கிறார். இந்தச் சாந்தம் அவருடைய பெருந்தன்மை. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர்களின் தொழிலைச் செய்கிற நாம் அந்தப் பெருந்தன்மைக்குள் ஒளிந்துகொள்ளலாகாது. இப்பகுதியை வகுப்பில் வாசித்தபோது, “ஐயா, அம்மரத்தை வணங்கியது விக்கிரகாராதனை அல்லவா?” என்று மாணவர் ஒருவர் வினவினார். நல்ல வினா. ஆனால் அத்தாய் மரத்தை வணங்கச் சொல்லவில்லை. அது நமக்குரியதன்று என்றே சொன்னார். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அன்று மிஷனரிகள் ஆராயவில்லை. இன்று நாமும் ஆராய்வதாகத் தெரியவில்லை.

இரண்டாம் நூலின் குறைபாடு இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. அதன் தலைப்பு ஆதியாகமம் 1:28இன் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் உள்ள ஒரு சொல்லை நினைவூட்டுகிறது. இன்றைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு இழந்ததை மீண்டும் நிரப்புதல் என்று பொருள். எபிரெய மூலத்திலோ நிரப்புதல் என்பதே உண்டு, ‘மீண்டும்’ இல்லை. 1611இன் மொழிபெயர்ப்பாளர்களும் அந்தப் பொருளிலேயே சொல்லை ஆண்டனர். நிலத்தைச் சீர்ப்படுத்தும் கடமைக்கு அவ்வசனம் தாங்காது; அதிலுள்ள கீழ்ப்படுத்துதல் என்னும் வினை வன்மையானது. 2:15இல் வரும் ‘அபாத்’, ‘ஷாமர்’ ஆகிய இரு வினைகளே, அதாவது ஊழியம் செய்தலும் காவல் காத்தலுமே, அம்மையாரின் வாழ்க்கைக்கு ஏற்ற விளக்கவுரை.

நூலின் நடுவே பசுமை வளைய இயக்கத்தின் நான்கு விழுமியங்கள் விளக்கப்படுகின்றன. இயற்கையிடம் அன்பு, பூமியின் வளங்களுக்கு நன்றியும் மதிப்பும், தன்னைத் தானே உயர்த்திக்கொள்ளுதல், தன்னார்வத் தொண்டு என்பன அவை. யூதரின் ‘திக்குன் ஓலாம்’, ஜப்பானியரின் ‘மொத்தைனை’ ஆகிய கருத்துகளும் துணைக்கு வருகின்றன. எல்லாம் நல்லவை, எவரும் மறுக்கமாட்டார். எவரும் மறுக்காத ஒன்றுக்காக எவரும் அடிவாங்குவதில்லை என்பதே நமது ஐயம். தன்வரலாற்றில் பெயருள்ள அதிகாரிகளும், காட்டை வேண்டியவர்களுக்குப் பங்கிட்டளித்த அரசும் வருகின்றனர். இந்நூலிலோ அவர்கள் பெரும்பாலும் ‘பேராசை’ என்ற பொதுச்சொல்லாகிவிடுகின்றனர். பாவம் பண்புப்பெயராகும்போது பாவிகள் தப்பிவிடுகிறார்கள்.

எனவே முதல் நூலுக்கே திரும்புவோம். 1977 ஜூன் 5ஆம் நாள் நைரோபியின் கமுகுஞ்சிப் பூங்காவில் ஏழு மரங்களோடு இயக்கம் தொடங்குகிறது. அதற்கு முன் அவர் தொடங்கிய ‘என்விரோகேர்’ என்ற முயற்சி நிலைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். மரம் வளர்க்கப் பட்டயப் படிப்பு வேண்டும் என்று வனத்துறையினர் கருதினர். கிராமப் பெண்களோ உடைந்த பானைகளில் விதையூன்றித் தங்கள் அனுபவத்தால் கற்றனர். பிழைத்த கன்று ஒன்றுக்கு ஏறத்தாழ நான்கு அமெரிக்க சென்ட் மதிப்புள்ள தொகை தரப்பட்டது. நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்த கன்றுக்கு! நமது சபைகளின் மரநடு விழாக்களை நினைத்து இவ்விடத்தில் நாம் சற்றே நாணினோம். 2004க்குள் இவ்வாறு சுமார் 3 கோடி மரங்கள் நடப்பட்டிருந்தன.

1989இல் நைரோபியின் உஹுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடமும், அதிபர் மோயின் சிலையும் எழுப்பத் திட்டமிடப்பட்டது. அம்மையார் எதிர்த்துக் கடிதங்கள் எழுதினார். நாடாளுமன்றத்தில் அவரை ஏளனம் செய்தனர். மணமுறிவு பெற்றவர் என்பதும் ஏசலுக்குரிய பொருளாயிற்று. எனினும் திட்டம் கைவிடப்பட்டது. 1992 பிப்ரவரி இறுதியில், அரசியல் கைதிகளின் தாய்மார் அதே பூங்காவின் ஒரு மூலையில் உண்ணாநோன்பிருந்தனர்; அம்மையாரும் உடனிருந்தார். மார்ச் 3ஆம் நாள் காவலர் தாக்கினர். அவர் நினைவிழந்து விழுந்தார். தாய்மாரிற் சிலர் தங்கள் ஆடைகளைக் களைந்து நின்றனர்; மகன் நிலையிலுள்ள ஆடவனுக்கு அவர்கள் மரபில் அதைவிடக் கொடிய சாபம் இல்லை. அதன்பின் அவர்கள் புகலிடம் கண்டது ஆங்கிலிக்கன் திருச்சபையின் சகல பரிசுத்தவான்கள் பேராலயத்தில். அதன் நிலவறையில் ஏறத்தாழ ஓராண்டு தங்கினர். 1993 தொடக்கத்தில் கைதிகள் பெரும்பாலும் விடுதலையாயினர்.

இந்நிகழ்ச்சியே இரு நூல்களிலும் ஆழமான இறையியல் என்பது நமது துணிபு. மரத்தின் புனிதத்தை நீக்கி, கட்டடத்துக்குள் மட்டும் புனிதத்தை அடைத்த அதே திருச்சபையின் கட்டடத்தில், மேற்கூறிய சாபத்தைத் தங்கள் உடலால் உரைத்த பெண்கள் படுத்துறங்கினர். எவர் எவரைப் பரிசுத்தப்படுத்தினர்? ஆசிரியை இதைக் கேட்கவில்லை. நிகழ்ந்ததைச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்.

குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எதிர்ப்பில் நின்ற காலத்தை விரிவாக எழுதுபவர், பதவிக்கு வந்த காலத்தை விரைந்து கடக்கிறார். 1982இல் நாடாளுமன்ற இடைத்தேர்தலுக்காகப் பல்கலைக்கழக வேலையைத் துறந்து, வேட்புமனுவும் மறுக்கப்பட்டு, வேலையும் வீடும் இழந்த பகுதி நெஞ்சை உருக்குவது. 1997இல் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 2002 டிசம்பரில் டெட்டு தொகுதியில் 98 விழுக்காடு வாக்குகள் பெற்று வென்று, 2003 முதல் 2005 வரை சுற்றுச்சூழல் துணை அமைச்சராய் இருந்தார். துணை அமைச்சரால் எதைச் செய்ய இயலவில்லை, எதற்கு இணங்க நேர்ந்தது என்ற கேள்விகளுக்கு இந்நூலில் போதிய விடை இல்லை. பரிசுச் செய்தி கேட்டு நியேரியில் கென்ய மலையை நோக்கி ஒரு மரம் நடும் காட்சியில் கதை உச்சத்தை அடைந்துவிடுகிறது. 2007இல் அவருடைய கட்சியினரே உட்கட்சித் தேர்தலில் அவரை விலக்கிவிட்டனர் என்பதை அறிந்த வாசகருக்கு, 98 விழுக்காடு எங்கே போயிற்று என்ற வினா எழும். 2009இல் அவர் எழுதிய ‘தி சேலஞ்ச் ஃபார் ஆப்பிரிக்கா’ தலைமை, தொகுதி நிதி ஆகியவை பற்றிப் பேசி இக்குறையை ஓரளவு நிரப்புகிறது. ஆகவே தன்வரலாற்றை முடித்தவர்கள் ஆன்மிக நூலுக்குச் செல்லுமுன் அதனைப் படிப்பது நலம்.