உம்மாவின் பகல் எங்கே எழுதப்பட்டது?

அண்மையில் எங்கள் ஊர் இலக்கியக் கூட்டமொன்றில் தாய்மையின் சிறப்பைப் பற்றி நால்வர் உரையாற்றினர். தாயின் காலடியில் சுவனம் இருக்கிறது என்னும் கருத்தை நால்வருமே எடுத்துரைத்தனர். ஒருவர் அதைப் பாட்டாகவும் பாடினார். பின்னர் விருந்து. திரைக்கு அப்பால் காலை முதல் வெங்காயம் உரித்தும் தேங்காய் துருவியும் நின்ற பெண்கள் அவ்வுரைகளில் ஒன்றையேனும் முழுமையாகக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆண்கள் உண்டெழுந்த சஹன்களைக் கழுவிவைத்து அவர்கள் சோற்றின் முன் அமர்ந்தபோது, ஒலிபெருக்கிக்காரர் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

நம் இலக்கியமும் இந்தக் கூட்டத்தைப் போன்றதுதானோ என்னும் ஐயம் அன்று எனக்கு எழுந்தது. ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள, வீட்டிலிருந்து குடும்பம் நடத்தும் ஒரு தாயின் சாதாரண நாள் நம் எழுத்தில் எங்கே பதிவாகியிருக்கிறது என்று சில நூல்களை மீண்டும் புரட்டிப் பார்த்தேன். புகழ்ச்சி நிறையக் கிடைத்தது. அறிவுரை அதனினும் மிகுதியாகக் கிடைத்தது. நாள் மட்டும் கிடைக்கவில்லை.

பழைய வகைகளை முதலில் பார்ப்போம். பிள்ளைத்தமிழும் தாலாட்டும் தாயின் குரலைக் கடன் வாங்கிப் பாடுகின்றன. ஆனால் அக்குரலில் பேசுகிறவர் பெரும்பாலும் புலவரே. பெண்புத்தி மாலை போன்ற நூல்கள் பெண் எப்படி நடக்க வேண்டும் என்று கூறுகின்றன. அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பது அவற்றின் வேலையன்று. இதற்காக அவற்றைக் குறைகூறுவதும் முறையாகாது. நாவலும் சிறுகதையும் வந்த பிறகும் அந்தக் கேள்வி கேட்கப்படாமல் நின்றதே என் மனக்குறை.

நாகூரில் 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம், பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோன ஒரு குடும்பப் பெண். அவருடைய ‘காதலா கடமையா’ நாவல் 1938இல் வெளிவந்தது, டாக்டர் உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணி என்று அவரை நாம் பெருமையோடு குறிப்பிடுகிறோம். அப்பெருமைக்கு அவர் முற்றிலும் உரியவர். ஆயினும் அந்நாவல் நிகழுமிடம் எது? அரசனும் அரண்மனையும் கடமையும் தியாகமும் நிறைந்த உலகம். நாகூர்த் தெருவும் அடுப்படியும் தம் கண்ணெதிரே கிடக்க, எழுதுவதற்குத் தகுதியுடையது அரண்மனைதான் என்று அந்த அறிவுடைய பெண்மணிக்குத் தோன்றியிருக்கிறது. பிழை அவருடையதன்று. ‘கதை’ என்றால் அதுதான் என்று அக்காலம் அவருக்குக் கற்பித்திருந்தது.

அவருக்கு முந்தியவர் கீழக்கரை ஆசியா உம்மாள். மெய்ஞ்ஞானப் பாடல்கள் இயற்றிய இவ்வம்மையார், வீட்டின் மேல்தளத்தில் தனித்திருந்து வழிபாட்டில் ஈடுபட்டதால் ‘மேல்வீட்டுப் பிள்ளை’ என்று அழைக்கப்பட்டார். நம் காலத்துக்கு வந்தால் கவிஞர் சல்மா, வீட்டார் உறங்கிய பின் இரவில் மறைந்து எழுதியதாகத் தாமே பலமுறை கூறியிருக்கிறார். இம்மூவரையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஒருவருக்குக் கற்பனை அரண்மனை, ஒருவருக்கு மேல்வீடு, ஒருவருக்கு நள்ளிரவு. வீட்டு வேலையின் கை எட்டாத ஏதோ ஓரிடத்தில்தான் நம் பெண்களுக்கு எழுத்து வாய்த்திருக்கிறது. ஆகவே வேலை நிறைந்த பகல் எழுதப்படாமலே போனதில் வியப்பு என்ன இருக்கிறது?

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வெளிவந்தது. ராபியா என்னும் சிறுமியின் கண்வழியே பெண்கள் உலகைக் காட்டிய துணிவான நாவல் அது. அதில் சமையலும் வருகிறது, பேச்சும் வருகிறது, நோன்பும் வருகிறது. எனினும் அதன் பாரம் முழுவதும் பெண்ணின் அடக்கப்பட்ட ஆசைமீதே ஏறி நிற்கிறது. பெயரே இரவைத்தான் சுட்டுகிறது. அது எழுதப்பட வேண்டிய நாவலே. இரவு எழுதப்பட்ட பிறகும் பகல் பாக்கியிருக்கிறது என்பது மட்டுமே நான் சொல்ல வந்தது.

ஆண் எழுத்தாளர்களுள் தோப்பில் முகமது மீரானை விட்டுவிட்டுப் பேச இயலாது. 1997இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற ‘சாய்வு நாற்காலி’ நாவலில் முஸ்தபாக்கண்ணு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நாவின் ருசிக்காக வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்று தீர்க்கிறான். ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய நாவல் தமிழில் அதிகமில்லை. அவன் கேட்கும் உணவை ஆக்கிப் போடுகிறவள் மனைவி. அவள் அடிபடுவதை மீரான் நம் நெஞ்சு பதைக்கக் காட்டுகிறார். ஆனால், வீட்டில் ஒன்றுமில்லாத நாளில் அவள் எப்படி அடுப்பை மூட்டினாள், யாரிடம் கைமாற்று வாங்கினாள், எதைச் சேர்த்து ஆணத்தை ஒப்பேற்றினாள் என்னும் அந்தக் கலையை அறிய விரும்பும் வாசகனுக்குப் பசி அடங்குவதில்லை. அடிபடும் பெண்ணை நம் எழுத்தாளர்கள் காண்கிறார்கள். ஆக்கும் பெண் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

அப்படி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ரமலானில் ஒரே ஒரு நாளை எண்ணிப் பார்க்கட்டும். சஹருக்கு மற்றவர்கள் எழுமுன் ஒரு மணி நேரம் அவள் எழுந்திருக்க வேண்டும். சோறு வடித்து, எழுப்பியவரை மீண்டும் எழுப்பி, பாங்கு சொல்ல ஐந்து நிமிடம் இருக்கும்போது தன் வாயில் இரண்டு கவளம் இட்டுக்கொள்கிறாள். நோன்பில்லாத சிறுபிள்ளைகளுக்குப் பசியாற ஏதேனும் வேண்டும். நோயாளி மாமியாருக்குப் பத்தியம் வேண்டும். அஸருக்குப் பின் வடைக்கு அரைத்தாக வேண்டும். கஞ்சிக்குப் பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் ரம்பை இலையும் சேர்த்துத் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குகிறாள். உப்புச் சரியா என்று தெரிய வேண்டும், அவளோ நோன்பாளி. கதவருகே விளையாடும் ஆறு வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு, “வாப்பா, உப்புப் பாரு” என்கிறாள். அந்தப் பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்த்தே உப்பை அளக்கிறாள். பாங்கொலி கேட்கும்போது அவள் கையில் இருப்பது தன் கோப்பையன்று. பிறருக்கு நீட்டும் கோப்பை. இந்தக் காட்சியை நான் பார்க்காத ரமலான் கிடையாது. இதை எழுதிய ஒரு சிறுகதையை இன்னும் படிக்கவில்லை.

‘உன் மனைவி என்ன செய்கிறாள்?’ என்று கேட்டால் ‘வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்’ என்று பதில் வருகிறது. ‘சும்மா இருத்தல்’ தமிழ் ஞானியர் வாக்கில் எய்துதற்கரிய நிலை. அதே சொல்லை, ஒரு நொடியும் சும்மா இராத ஒருத்திக்குச் சூட்டி மகிழ்கிறோம்! 2019இல் ஒன்றிய அரசு எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டாள். ஆண் 97 நிமிடம். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவளுக்கு 289 நிமிடம் என்று வந்தபோது, பத்து நிமிடமாவது குறைந்ததே என்று மகிழப்போனேன். ஆணின் பங்கும் 88 நிமிடமாகக் குறைந்திருந்தது.

நீதிமன்றங்கள் நம் கதாசிரியர்களை முந்திக்கொண்டன என்றே சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில் விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமான மதிப்பு உண்டென்று உறுதிசெய்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் சவூதியில் ஈட்டிய பணத்தில் வாங்கப்பட்ட சொத்தில் ஊரில் குடும்பத்தைக் காத்த மனைவிக்கும் சமபங்கு உண்டென்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கின் குடும்பம் நம் சமூகத்தைச் சேர்ந்ததன்று. ஆனால் அந்த வாழ்க்கை நம்முடையதல்லவா? 1970களிலிருந்து வளைகுடா சென்றவனைப் பற்றி, அவன் பாலைவனத் தனிமையைப் பற்றி எத்தனையோ கதைகள் வந்துவிட்டன. அவன் அனுப்பிய பணத்தை அரிசியாகவும் பள்ளிக் கட்டணமாகவும் மகளின் நகையாகவும் மாற்றி, இரண்டாண்டுக்கு ஒருமுறை விருந்தாளிபோல் வரும் வாப்பாவைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தியவளின் கதைகளை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

‘வீட்டுவேலையில் இலக்கியத்துக்கு என்ன மேன்மை?’ என்று ஒரு நண்பர் என்னோடு வாதிட்டார். பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்னும் கருத்தில் அன்னை விடையளித்ததாக ஹதீஸ் உண்டு. திருகை அரைத்துக் கை காய்த்துப்போன ஃபாத்திமா (ரலி) அவர்களின் செய்தியும் உண்டு. அந்தக் கையின் காய்ப்பை நமக்கு அறிவித்தவர்கள் அது சொல்லத் தகாத சிறுவிஷயம் என்று எண்ணவில்லை. நண்பர் இதற்கு விடை கூறவில்லை, தேநீர் வந்துவிட்டது. கொண்டுவந்தவர் அவர் வீட்டம்மையார்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக்கூடாது. அடுப்படியைச் சிறையாக மட்டுமே தீட்டும் கதைகள் இப்போது பெருகிவருகின்றன. சிறையாக இருந்த வீடுகள் உண்டு; மறுப்பார் யார்? ஆனால் தாம் விரும்பியே வீட்டில் இருக்கும் பெண்களும், அதில் தேர்ச்சியும் செருக்கும் கொண்டவர்களும் இருக்கிறார்கள். என் பெரியம்மா இருபது பேருக்குச் சோறாக்கிய நாளில் ஒரு படி அரிசிகூட மிகாது, குறையாது. அதை அவர் சொல்லிக்காட்டும்போது, கட்டுரை அச்சானதும் நான் அடைகிற அதே மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரியும். புகழ்ந்து எழுதுகிறவர் அவரைத் தியாகி ஆக்குவார், இரங்கி எழுதுகிறவர் கைதி ஆக்குவார். கணக்குத் தவறாத அந்தக் கை இருவருக்கும் தப்பிவிடுகிறது.

என் பாட்டியார் மறைந்த பின் அவருடைய பெட்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தது. பல ஆண்டு வீட்டுக் கணக்கு, முழுவதும் அரபுத் தமிழில். மதரஸாவில் படித்ததால் எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குச் சிறிது வரும். ஒரு பக்கத்தில் மண்ணெண்ணெய், சீயக்காய், ஓதவந்த லெப்பைக்குக் கொடுத்தது. அதற்கு அடுத்த வரியில், கணக்கோடு கணக்காக, பினாங்கிலிருந்து இம்மாதமும் கடிதம் வரவில்லை என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே மீண்டும் புளி, அரை வீசை. வீட்டில் மற்றவர் எவருக்கும் அவ்வெழுத்தைப் படிக்கத் தெரியாது. நான் இதுவரை பதினோரு பக்கம் படித்திருக்கிறேன்.