மலை ஜீப்பும் மாற்று இன்ஜினும்

மலையூரான பண்ணைக்காடு பக்கம் சத்தத்தை வைத்தே ஒரு ஜீப்பின் பூர்வீகத்தைச் சொல்லிவிடலாம். பார்வைக்குப் பழைய வில்லிஸ். பானெட்டுக்குள்ளிருந்து வருவதோ டிராக்டர் உறுமல். வண்டி ஒரு காலத்தது, இன்ஜின் வேறொரு காலத்தது. இரண்டையும் சண்டை சச்சரவின்றிக் குடித்தனம் நடத்த வைக்கும் மெக்கானிக்கின் வேலையை நின்று ரசிக்கலாம்.

1940களின் இறுதியில் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது மகிந்திரா. பிறகு வந்த சிஜே-3பி மாடலில் இருந்தது ‘ஹரிக்கேன்’ பெட்ரோல் இன்ஜின்: நாலு சிலிண்டர், சுமார் 2,200 சிசி. காற்று வரும் வால்வு மேலே ஹெட்டில்; புகை போகும் வால்வு கீழே பிளாக்கில். இதனால் இன்ஜின் உயர்ந்தது, அதற்கு இடம்விட பானெட்டும் உயர்ந்தது. அந்த மாடலின் நெடிய முகத்துக்கு இதுதான் காரணம்.

அருமையான இன்ஜின்தான். ஆனால் அது குடிக்கிற பெட்ரோலுக்குக் காப்பியும் மிளகும் மலைவாழையும் விற்ற காசு கட்டுப்படியாகாது. போதாததற்கு, ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. கார்புரேட்டருக்கு இது தெரியாது. அடிவாரத்து வத்தலக்குண்டில் வைத்த அளவிலேயே மலை மேலும் பெட்ரோலை விடும். புகை கறுக்கும், இழுவை விழும்.

ஆகவே டீசல். இதில் ரசிகர்கள் இரண்டு கட்சி. ஒன்று, மகிந்திரா உரிமம் வாங்கித் தயாரித்த பியூஜோ எக்ஸ்டிபி 4.90. நாலு சிலிண்டர், 90 மி.மீ. விட்டம் என்று பெயரிலேயே கணக்கு இருக்கிறது. மற்றது டிராக்டர் வம்சத்தில் வந்த 2,523 சிசி டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்). பியூஜோவில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 83 மி.மீ.; டி.ஐ.யில் 101.6. தார்ச்சாலைக்குப் பியூஜோ இதமானது. சேற்றில் மூட்டை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து வர டி.ஐ.தான் என்பது என் கட்சி. சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கைவேலையின் உச்சம் அடாப்டர் பிளேட்டில் இருக்கிறது. புது இன்ஜினின் போல்ட் துளைகளும் பழைய கியர்பாக்ஸின் துளைகளும் ஒத்துப்போகாது. இடையில் ஒரு கனத்த தகடு வேண்டும். துளை போடுவது சுலபம், மையம் பிடிப்பதுதான் பாடு. தேர்ந்த ஆள் ஃப்ளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றி, பெல் ஹவுசிங் துளையின் விளிம்பு நெடுக முள்ளை ஓட விடுவார். முள் அரை மில்லிமீட்டர் அசைந்தாலே முகம் சுளித்து, தகட்டை நிறுத்தும் பின்னைக் கழற்றி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். இதில் அசட்டையாக இருந்தால் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனி கிராங்கில் உட்காரும் புஷ் தேயும், கிளட்ச் உதறும், ஏற்றத்தில் கியர் தானாகக் கழன்று வரும்.

அடுத்தது பல் கணக்கு. பழைய பெட்ரோல் ஜீப்பின் ஆக்ஸில் பல் விகிதம் 5.38. அதை அப்படியே விட்டு டீசலைப் பூட்டினால், மணிக்கு 60 கி.மீ. போகவே இன்ஜின் சுமார் 2,400 சுற்று சுற்ற வேண்டும். சமவெளியில் கத்தித் தீர்க்கும். 4.88 பல்லுக்கு மாற்றினால் 2,200க்கு அருகில் இறங்கும். 4.27 இன்னும் அமைதி, ஆனால் ஏற்றத்தில் கை கொடுக்காது. தோட்டத்து வண்டிக்கு 4.88 போதும் என்பேன். டீசல் இன்ஜினின் கூடுதல் கனத்துக்கு முன் ஸ்பிரிங்கில் பிளேட் சேர்க்க வேண்டும். முன்சக்கரம் பள்ளத்தில் குதித்து எழும்பும்போது ஆக்ஸில் சம்ப்பில் இடிக்கக் கூடாது. இதையெல்லாம் பானெட்டை மூடும் முன்பே யோசித்தவர்தான் கலைஞர்.

ஒரு வேலை காகிதத்தில் முடிகிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும், ஆர்.சி.யில் புது இன்ஜின் எண் ஏற வேண்டும். எண் ஏறாத வண்டி எத்தனை அழகாக ஓடினாலும் அரைகுறை வேலைதான்.

இப்படி மாற்றிய ஜீப்பை விலைபேசுகிறவர்கள் வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மூட்டை ஏற்றி, லோ கியர் போட்டு, ஏற்றத்தில் கிளட்சை மெல்ல விட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் உட்காருங்கள். கியர் கம்பி நடுங்காமல் வண்டி தானே நகர்ந்தால், கேட்கிற விலையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.