எலும்பும் சித்திரமும்

சில பாடல்களே எஞ்சிய வளையாபதிக்கு முழுக்கதையும் தானே புனைந்து, 'இதுவே மூலம்' என்று ஒருவன் வெளியிடுவானாயின் அறிஞர் ஒப்புவரோ? ஒப்பார். இந்நீதி, மாண்டொழிந்த விலங்குகளின் உருவைத் தீட்டும் சித்திரங்களுக்கும் உரியதே.

அச்சித்திரங்கள் வெறுங் கற்பனை என்பது நம் கருத்தன்று. தசை பற்றியிருந்த தழும்பு எலும்பில் நிற்கும். அதனால் தசையின் இடம் புலனாகும். எஞ்சாத உறுப்புக்கு, உறவுடைய பறவையும் முதலையும் சான்றாகும். தோலின் பதிவு சிற்சில கற்களில் உண்டு. நிறமோ மிக அரிதாகவே தெரியவரும். பெரும்பாலும் அது ஓவியன் துணிபு.

பிழையும் நேரும். 1854-ஆம் ஆண்டில் லண்டனில் நிறுவிய இகுவானோடான் சிலைக்கு மூக்கில் கொம்பு வைத்தனர். 1878-ஆம் ஆண்டில் பெல்ஜியத்துச் சுரங்கமொன்றில் எலும்புக்கூடுகள் பல வெளிப்பட்டபின், அது கைப்பெருவிரலின் முள் எனத் தெளிந்தது. பிழைத்தது இழிவன்று, எலும்பு இருந்தமையால் பிழை திருந்திற்று என்பதே கருதத்தக்கது.

தமிழகத்தில் நேர்ந்தது வேறு. அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1987-ஆம் ஆண்டில் யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர் புருகத்காயோசாரஸ் எனப் பெயரிட்டு, ஊனுண்ணும் இனத்திற் சேர்த்தனர். பின்னர் அது நெடுங்கழுத்துத் தழையுண்ணி என்ற கொள்கை வலுத்தது. கல்லாகிய மரமோ என்று ஐயுற்றாரும் உளர். கணைக்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளமாம்! ஆயின் எலும்புகள் பொடிந்துபோயின என 2017-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. எஞ்சியவை வரைபடமும் நிழற்படமுமே. ஐயத்தைத் தீர்க்க எலும்பில்லை.

'உலகிற் பெரிய விலங்கு எம் மண்ணில் வாழ்ந்தது' என மார்தட்டுவது எளிது. சான்றைக் காப்பது அரிது. ஏட்டுச் சுவடிகளைச் செல்லுக்கும் ஆற்றுவெள்ளத்துக்கும் ஈந்துவிட்டுப் பழம்பெருமை பேசிய நமக்கு இது புதிய நோயன்று. புராணத்தை ஐயுறும் நாம், விஞ்ஞானத்தின் பெயரால் வரும் சித்திரத்தை மட்டும் வினாவின்றி வணங்கலாமோ?

மெர்சிங்குக்கு வடக்கேயுள்ள பகாங்கில் டைனோசரின் பல் கிடைத்ததென 2014-ஆம் ஆண்டில் அறிவித்தனர். அது மீனுண்ணும் இனத்தது என்பர். அப்பல் சொல்லும் அளவே நாமும் சொல்வோம். உருவம் வரைந்து வெளியிடுவோர், எலும்பு கண்டது இவ்வளவு, ஊகித்தது இவ்வளவு, கற்பித்தது இவ்வளவு என்று அடியில் எழுதுக. அவ்வரி இல்லாத சித்திரம் அழகாயிருக்கலாம், அறிவாகாது.