எச்சரிக்கையும் வடிவமைப்பும்: பைத்தான் மொழியின் ‘ஸ்ட்ரிப்’ செயற்கூறுகளும் அவற்றின் ஆவணமும்

ஆய்வுச் சுருக்கம்

செயற்கூற்றின் வடிவமைப்பில் உள்ள குறையை ஆவணத்தில் இடம்பெறும் எச்சரிக்கை ஈடுசெய்யுமா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. பைத்தான் மொழியில் சரத்தின் முனைகளைச் சீர்செய்யும் செயற்கூறுகள் தமிழ்ச் சொற்களைக் கொண்டு சோதிக்கப்படுகின்றன. தவறான புரிதலும் சரியான விடையையே தருமாறு அமைந்த எடுத்துக்காட்டு, எச்சரிக்கையைப் பயனற்றதாக்குகிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: திறமூல மென்பொருள், செயற்கூறு, ஆவணமாக்கம், பின்னொட்டு, பைத்தான்.

முன்னுரை

திறமூல மென்பொருளின் நிரலை எவரும் படிக்கலாம். எனினும் ஒரு செயற்கூற்றைப் பயன்படுத்துவோர் அதன் பெயரையும் ஆவணத்தின் சில வரிகளையும் நம்பியே பெரும்பாலும் இயங்குகின்றனர். ஆதலால் பெயர், அளபுரு, விளக்கம், எடுத்துக்காட்டு ஆகிய நான்கும் சேர்ந்தே பயனருக்கு அளிக்கப்படும் வாக்குறுதியாகின்றன. இந்நான்கும் ஒன்றோடொன்று இயையாதபோது நேர்வதைக் காட்ட ‘ஸ்ட்ரிப்’, ‘எல்ஸ்ட்ரிப்’, ‘ஆர்ஸ்ட்ரிப்’ என்னும் மூன்று செயற்கூறுகளும் தக்க சான்றுகளாகும்.

பெயரும் அளபுருவும்

இவை முறையே சரத்தின் இருமுனைகள், இடமுனை, வலமுனை ஆகியவற்றிலிருந்து வேண்டாத குறிகளை நீக்குவன. அளபுரு தரப்படாதபோது வெற்றிடங்கள் நீக்கப்படும், இதில் குழப்பமில்லை. நீக்க வேண்டியவற்றைப் பயனரே குறிப்பிடும் வசதி 2002ஆம் ஆண்டின் 2.2.2 பதிப்பில் சேர்க்கப்பட்டது. சிக்கல் இங்குத்தான் தொடங்குகிறது. தரப்படும் சரத்தை இச்செயற்கூறுகள் ஒரு சொல்லாகக் கொள்வதில்லை. தனித்தனிக் குறிகளின் கணமாகக் கொள்கின்றன. அக்கணத்தில் இல்லாத குறி எதிர்ப்படும் வரை முனையிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிச் செல்கின்றன. வரிசை இங்குப் பொருட்டன்று.

பைத்தானில் வரிசையுடைய சரத்திற்கும் வரிசையற்ற கணத்திற்கும் வெவ்வேறு தரவினங்கள் உள்ளன. கணமாகக் கருதப்போவதைச் சரமாகக் கேட்டுப் பெறுவது முதல் முரண். குறிகள் எனப் பொருள்படும் ‘சார்ஸ்’ என்பதே அளபுருவின் பெயர் எனினும், அது இடமுறையில் மட்டுமே ஏற்கப்படுகிறது. செயற்கூற்றை அழைக்கும் வரியில் அப்பெயரை எழுத இயலாது. எனவே பிறர் எழுதிய நிரலைச் சீராய்பவரின் கண்ணுக்கு அப்பெயர் புலப்படுவதில்லை. இதற்கு மாறாக, கோ மொழியில் இப்பணியைச் செய்யும் ‘டிரிம்’ செயற்கூற்றின் அளபுரு ‘கட்செட்’ எனப் பெயர் பெற்று, கணம் என்பதைப் பெயரிலேயே உணர்த்துகிறது. முன்னொட்டு, பின்னொட்டுகளை நீக்கத் தனிச் செயற்கூறுகளும் 2013இல் வெளியான அம்மொழியின் 1.1 பதிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்டன.

எடுத்துக்காட்டின் பணி

பைத்தான் ஆவணம் உண்மையை மறைக்கவில்லை. அளபுரு முன்னொட்டோ பின்னொட்டோ அன்று என அது வெளிப்படையாகவே கூறுகிறது. ஆயின் ‘ஸ்ட்ரிப்’ செயற்கூற்றுக்குத் தரப்பட்ட எடுத்துக்காட்டு அவ்வெச்சரிக்கைக்குத் துணைநிற்கவில்லை. மூன்று ‘டபிள்யூ’ எழுத்துகளில் தொடங்கி ‘.காம்’ என முடியும் இணைய முகவரியிலிருந்து சி, எம், ஓ, டபிள்யூ, இசட், புள்ளி ஆகிய ஆறு குறிகள் நீக்கப்பட, நடுவிலுள்ள ‘எக்ஸாம்பிள்’ என்னும் சொல் எஞ்சுகிறது. முகவரியில் இல்லாத ‘இசட்’ எழுத்தைச் சேர்த்தது இது கணம் என்பதை உணர்த்தும் நுட்பமே. ஆயினும் முன்னொட்டும் பின்னொட்டும் நீங்கினால் கிடைக்கும் விடையும் இதுவே. தவறாகப் புரிந்துகொண்டவரின் எதிர்பார்ப்பை இவ்வெடுத்துக்காட்டின் விடை மறுப்பதில்லை.

தமிழ்ச் சொற்களில் சோதனை

பன்மை விகுதியாகிய ‘கள்’ என்பதை நீக்க ‘ஆர்ஸ்ட்ரிப்’ பயன்படுத்தப்படுவதாகக் கொள்ளலாம். ஒருங்குறியில் ‘கள்’ என்பது க, ள, புள்ளி என்னும் மூன்று குறிகளால் ஆனது. இவை கணமாகக் கொள்ளப்படுவதால் ‘பெண்கள்’ என்பது ‘பெண’ எனச் சிதைகிறது. ணகர மெய்யின் புள்ளியும் உடன் நீங்கிவிடுகிறது. இப்பிழை கண்ணுக்குத் தெரியும். ‘நாள்கள்’ என்பதோ ‘நா’ எனக் குறைகிறது. ‘நா’ பொருளுடைய சொல்லாதலின் இப்பிழை அகராதி ஒப்பீட்டிலும் அகப்படாது. சொல்லடைவில் நாளைக் குறித்த வழக்குகள் நாவைக் குறித்தனவாக எண்ணப்படும்.

‘பூக்கள்’ என்னும் சொல் இன்னும் கவனத்திற்குரியது. அதிலிருந்து ‘பூ’ என்னும் சரியான விடை கிடைக்கிறது. ககர ஒற்று மிகுந்ததை இலக்கண விதியால் செயற்கூறு அறிந்ததாகத் தோன்றும், அதுவோ தற்செயல். இவ்வொரு சொல்லைக் கொண்டு சோதிப்பவர் தம் நிரல் செம்மையானது என நம்புவார்.

2020ஆம் ஆண்டின் திருத்தம்

டென்னிஸ் ஸ்வீனி எழுதிய பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு 616, பயனர்களிடையே தொடர்ந்து எழுந்த இக்குழப்பத்தையே காரணமாகச் சுட்டியது. அதன்படி 2020இல் வெளியான 3.9 பதிப்பில் ‘ரிமூவ்பிரீஃபிக்ஸ்’, ‘ரிமூவ்சஃபிக்ஸ்’ என்னும் இரண்டு செயற்கூறுகள் சேர்க்கப்பட்டன. ‘ஸ்ட்ரிப்’ என்னும் சொல் பெயரில் தவிர்க்கப்பட்டது; ஒட்டு ஒருமுறை மட்டுமே நீக்கப்படும். ‘நாள்கள்’ இப்போது ‘நாள்’ ஆகிறது. ‘பூக்கள்’ என்பது ‘பூக்’ ஆகிறது. எஞ்சிய ஒற்றை நீக்குவது இலக்கணம் அறிந்த நிரலாளரின் பொறுப்பு. செயற்கூறு தன் எல்லையை மீறவில்லை.

ஆவணமும் உடன் திருந்தியது. ‘மான்ட்டி பைத்தான்’ என்னும் தொடரிலிருந்து, இடைவெளியுடன் கூடிய ‘பைத்தான்’ என்பதை ‘ஆர்ஸ்ட்ரிப்’ கொண்டு நீக்கினால் ‘எம்’ என்னும் ஆங்கில எழுத்து மட்டுமே எஞ்சுவதைப் புதிய எடுத்துக்காட்டு காட்டுகிறது. தவறான புரிதலை உடனே உடைக்கும் விடை இது.

குறையொன்று எஞ்சியுள்ளது. ஒட்டு இல்லையெனில் புதிய செயற்கூறு சரத்தை மாற்றாமல் அமைதியாகத் திருப்பித் தருகிறது. ‘வாளால்’ என்பதிலிருந்து ‘ஆல்’ நீக்கப்படுவதில்லை. அங்கு இருப்பது ‘ஆ’ என்னும் உயிரெழுத்தின் குறியன்று, துணைக்காலின் குறி. ஒட்டு நீங்கியதா, இல்லையா என்பதைச் செயற்கூறு அறிவிப்பதில்லை.

முடிவுரை

எச்சரிக்கை ஆவணத்தில் இருந்தும் குழப்பம் நீங்கவில்லை. பெயரும் வடிவமும் மாறிய பின்னரே மாற்றுவழி பிறந்தது. ஆகவே திறமூல நிரலைச் சீராய்வோர் இரண்டு வினாக்களை எழுப்புதல் தகும். இச்செயற்கூற்றுக்கு எச்சரிக்கை ஏன் தேவைப்படுகிறது என்பது ஒன்று. சரியாகப் புரிந்தவருக்கும் தவறாகப் புரிந்தவருக்கும் எடுத்துக்காட்டு வெவ்வேறு விடைகளை உணர்த்துகிறதா என்பது மற்றொன்று. தமிழ் மொழிக் கருவிகளை உருவாக்குவோர் தம் ஆவணங்களில் ‘பூக்கள்’ என்னும் சொல்லுக்கு அருகில் ‘நாள்கள்’ என்பதையும் வைத்தல் வேண்டும்.