பொருநைக் கரையின் வில்லுப்பாட்டு

திருநெல்வேலிச் சீமையின் சங்கீதம் என்றவுடன், வெளியூர் ரசிகர்களுக்கு நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களும், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும், சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தும் நினைவுக்கு வருவது இயல்பே. மூன்றும் அந்தப் புகழுக்கு முற்றிலும் உரியவை. ஆயினும், பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் பொருநையின் இரு கரைகளிலும் நெல் விளைவித்தும், அதற்கு அப்பாலுள்ள செம்மண் காடுகளில் பனையேறியும் ஆடு மேய்த்தும் வாழ்ந்து வந்த குடிகள், தங்கள் தெய்வங்களுக்குக் கொடை விழா நடத்தும்போது எந்த இசையை இரவெல்லாம் கண் விழித்துக் கேட்டார்களோ, எந்தக் கதைக்கு அழுதார்களோ, எந்தப் பாட்டின் உச்சத்தில் அவர்களுடைய சாமியாடிகளுக்கு அருள் வந்ததோ, அந்த வில்லுப்பாட்டைத் தனியொரு சம்பிரதாயமாக மதித்து, அதன் கிளைகளையும் இலட்சணங்களையும் விளக்கி, முதன்முறை கேட்க வருகிறவருக்கு ‘இன்னின்ன கதைகளைக் கேளுங்கள்’ என்று எடுத்துச் சொல்லும் வழக்கம் நம்மிடையே குறைவு. எனக்கு மிக உகந்த சில கதைகளைச் சிபாரிசு செய்வதன் மூலம் அந்தக் குறையைச் சிறிதேனும் போக்கலாம் என்ற ஆசையே இக்கட்டுரைக்குக் காரணம்.

வில்லுப்பாட்டு ஒரு குழுவின் கலை என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். நடுவில் வில்லின் முன்னே அமர்ந்து கதையை நடத்திச் செல்பவரைப் புலவர் என்றும் அண்ணாவி என்றும் அழைப்பார்கள். அவருக்கு வலப்பக்கத்தில் இருந்து துணை பாடுவோர் வலத்தே பாடுவோர், இடப்பக்கத்தில் இருப்போர் இடத்தே பாடுவோர். வைரம் பாய்ந்த பனையிலோ மூங்கிலிலோ செய்யப்பட்டு ஓர் ஆளின் உயரத்துக்கும் மேலாக நீண்டிருக்கும் வில்லின் முதுகு, மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். வில்லில் வெண்கல மணிகள் வரிசையாகத் தொங்கும். புலவர் இரண்டு வீசுகோல்களால் நாணை அடிக்கையில் மணிகள் அனைத்தும் ஒருசேரக் குலுங்க, குடத்துக்காரர் பத்தி என்னும் மட்டையால் குடத்தின் வாயில் அறைந்து அடித்தொனியை எழுப்ப, உடுக்கையும் தாளமும் கட்டையும் அவற்றோடு கூடிக்கொள்ளும். புலவர் வீசுகோலை மேலே எறிந்து, அது இறங்கும் கணத்தில் தாளம் பிசகாமல் பிடித்து நாணில் அடிப்பதைப் பார்த்து ஜனங்கள் கைதட்டுவது வழக்கம். அது வித்தைதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு குழுவின் தரத்தை நிர்ணயிக்க விரும்புகிறவர் வீசுகோலைப் பார்க்கக் கூடாது, குடத்தையும் இடப்பக்கத்தையும் கவனிக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். புலவர் ஒரு வசனத்தைச் சொல்லி மூச்சு வாங்கும் இடைவெளியில், பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ என்று ஏற்றுக்கொள்கிறாரே, அந்த ஒரு சொல்லில் ஆச்சரியமும் அச்சமும் துக்கமும் கதையின் போக்குக்கு ஏற்ப மாறி மாறி ஒலித்தால் அது முதல் தரமான குழு. கதாநாயகன் பிறந்தாலும் இறந்தாலும் அதே ‘ஆமா’ ஒரே குரலில் வருமானால், புலவரின் சாரீரம் எவ்வளவு இனிமையாயினும் அந்த இரவு வீண்.

காப்பு, வருபொருள் உரைத்தல், குரு வணக்கம், அவையடக்கம், நாட்டு வளம், பிறகு கதை, இறுதியில் வாழி என்ற கிரமத்தை எல்லாக் குழுவினரும் ஏறத்தாழ ஒரே விதமாகவே அனுசரிக்கிறார்கள். கதைகளிலேதான் பேதம். கைலாயத்தில் சிவனருளால் தோன்றிப் பூலோகம் வந்த தெய்வங்களின் கதைகள் ஒரு வகை. மனிதராகப் பிறந்து, வஞ்சனையாலோ வாளாலோ அகால மரணம் எய்தி, அதன்பின் தெய்வமானவர்களின் கதைகள் இன்னொரு வகை. இந்தப் பிரதேசத்தின் வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க அறிஞர், 1988-இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலுக்குப் பிறப்பையும் இறப்பையும் பாடுவதையே தலைப்பாக வைத்தது மிகப் பொருத்தம். பிறப்பைப் பாடுவது எவருக்கும் கைகூடும். இறப்பைப் பாடுவதில்தான் புலவரின் சோதனை இருக்கிறது.

இனி மரபுக் கிளைகள். கோயில் கொடையில், சாமியின் முகத்துக்கு எதிரே பந்தலிட்டு, குடியழைப்பு முதல் சாமக்கொடை வரை பூசையின் போக்கோடு இசைந்து பாடுவதே மூல மரபு. இங்கே புலவர் தம் இஷ்டப்படி கதையை நீட்டவும் குறைக்கவும் முடியாது. பூசாரி தீபாராதனைக்கு எழும் நேரமும், சாமியாடிக்கு அருள் வரும் நேரமும், கதையில் சாமியை வரவழைக்கும் வரத்துப் பாடும் இடமும் ஒன்றாகக் கூட வேண்டும். நாஞ்சில் நாட்டுக் குழுக்களும் நெல்லைக் குழுக்களும் இம்மரபின் இரு கரங்கள். குமரி மாவட்டத்தில் சிறு வயதிலேயே வில்லின் முன் அமர்ந்து, 2018-இல் மறைந்த பூங்கனி அம்மையார் இம்மரபின் பெருமைக்குரிய பெண் புலவர்.

இதனோடு இரத்த பந்தம் உடையது கணியான் கூத்து. வில்லுக்குப் பதிலாக உச்சம், மந்தம் என்ற இரண்டு மகுடப் பறைகள் முழங்க, அண்ணாவி பாட, பெண் வேடமிட்ட ஆண்கள் ஆடும் இந்தக் கூத்தைச் சுடலைமாடன் கோயில்களில்தான் கேட்க வேண்டும். சுடலையின் கதைக்கு வில்லைக் காட்டிலும் மகுடமே பொருந்துகிறது என்று சொல்வதால் வில்லிசை அன்பர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மூன்றாவது, மேடை மரபு. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வில்லைப் பட்டணத்துச் சபைகளுக்குக் கொண்டு சென்றார். கொத்தமங்கலம் சுப்பு காந்தி மகான் கதையை வில்லில் பாடினார். நெல்லைச் சீமையின் சத்திரம் புதுக்குளத்தில் 1928-இல் பிறந்து, கலைவாணரோடு சென்னை சேர்ந்து, 2021-இல் பத்மஸ்ரீ பெற்று, 2022-இல் மறைந்த சுப்பு ஆறுமுகம், வானொலியிலும் மேடையிலும் இக்கலையைத் தமிழகம் முழுவதும் அறியச் செய்தார். அவர்களுடைய தொண்டு பெரிது. இருந்தபோதிலும், மேடை வில்லில் ஹாஸ்யமும் உபதேசமும் மிகுந்து, மரணத்தின் முன்னே சபை மௌனமாகும் அந்தப் பயங்கரமான நேரம் மறைந்துவிடுகிறது. மேடையில் கேட்டு மகிழ்ந்தவர்கள் ஒரு முறையாவது கொடையிலும் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய கதைகளுள் முதலாவதாக, எவ்விதத் தயக்கமும் இன்றி, முத்துப்பட்டன் கதையைச் சொல்வேன். அந்தணர் குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், பாபநாசத்து மலைச்சாரலில் தந்தைக்குச் சோறு கொண்டு செல்லும் பொம்மக்கா, திம்மக்கா என்ற சகோதரிகளைக் கண்டு மோகிக்கிறான். அவர்கள் தோல் தைக்கும் குலத்தைச் சேர்ந்த வாலப்பகடையின் புதல்விகள். மணம் பேச வந்தவனை வாலப்பகடை நம்பவில்லை. குடுமியையும் பூணூலையும் களைந்து, செருப்புத் தைத்து விற்று வந்தால் பெண் தருகிறேன் என்கிறான். பட்டனின் தமையன்மார் அவனைக் கல் அறைக்குள் பூட்டி வைத்தும் பயனில்லை. அவன் வெளியேறி வந்து, குடுமியை அறுத்து, பூணூலைக் கழற்றி, தோலைக் கையில் எடுக்கிறான். மணமான இரவே மாடுகளைக் கள்வர் கவர்ந்த செய்தி வருகிறது. மாமனாரின் கிடை மாட்டைக் காக்கப் புறப்பட்ட பட்டன், கள்வரை வென்றபின், மறைந்திருந்த ஒருவனால் குத்துண்டு மாள்கிறான். மனைவியர் இருவரும் தீப்பாய்கிறார்கள்.

இக்கதையில் நான் மிக விரும்பும் பகுதி போரன்று. பட்டன் முதல் ஜோடிச் செருப்பைத் தைத்து முடிக்கும் இடம். நல்ல புலவர் இங்கே அவசரப்பட மாட்டார். ஊசி தோலில் ஏறுவதையும், வார் இழுபடுவதையும், பழக்கமில்லாத விரல் நோவதையும் ஒவ்வொன்றாகச் சொல்லி நிறுத்தி, இடப்பக்கத்தாரின் ‘ஆமா’வுக்குக் காத்திருப்பார், அப்போது நாண் அடிபடாது, குடம் மட்டும் மெல்ல ஒலிக்கும். காரையாறு வனத்திலே, சிங்கம்பட்டி ஜமீனைச் சார்ந்திருந்த சொரிமுத்து அய்யனார் கோயிலில், பட்டவராயன் என்ற பெயரில் இவனுக்குச் சந்நிதி உண்டு. ஆடி அமாவாசைக்குப் பெருங்கூட்டம் கூடும் அந்த ஸ்தலத்தில் பக்தர்கள் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிடுவது தோல் செருப்புகளை. கட்டிய செருப்பு அடுத்த ஆண்டு வந்து பார்க்கும்போது பட்டவராயன் அணிந்து நடந்ததுபோலத் தேய்ந்திருக்கும் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. சந்நிதிகளுக்குள் செருப்பு நுழையலாகாது என்று கற்றுக்கொண்டு வளர்ந்த நம் கண்களுக்கு, செருப்பே நிவேதனமாக நிற்கும் அந்தக் காட்சியைக் கண்டபின், இக்கதை வேறொரு கனத்துடன் காதில் விழும்.

நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்து, மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்ட முத்துப்பட்டன் கதை நூலையும் அவசியம் படிக்க வேண்டும். பொம்மக்காவும் திம்மக்காவும் மெய்யாகவே பகடையின் பெண்கள் அல்லர், காட்டில் விடப்பட்ட அந்தணக் குழந்தைகளை அவன் எடுத்து வளர்த்தான் என்று சில பாடங்களில் ஒரு முன்கதை வருகிறது. அது பிற்காலத்து ஒட்டு என்று அவர் காட்டியிருப்பது நியாயமே. அந்த முன்கதையைச் சேர்த்தால் பட்டன் துறந்ததெல்லாம் பொருளற்றுப் போகிறது. அறுத்த குடுமிக்கும் தைத்த செருப்புக்கும் அர்த்தம் இல்லாமல் போகிறது. ஆகவே, ஒரு குழு இக்கதையை எந்தப் பாடத்தின்படி பாடுகிறது என்பதை நான் தரத்தின் முதல் இலட்சணமாகவே கொள்கிறேன். சுருதி சற்றுக் கலைந்தாலும் பகடையின் மகளைப் பகடையின் மகளாகவே பாடும் குழு என் மதிப்பில் உயர்ந்தது.

இரண்டாவதாக, சுடலைமாடன் கதை. பார்வதியின் விளக்குச் சுடரில் பிறந்த குழந்தை இரவில் மயானத்துக்குச் சென்று பிணம் தின்று திரும்பும் பகுதியைச் சிறுவர்கள் இன்றும் தாயின் மடியை இறுகப் பற்றிக்கொண்டு கேட்கிறார்கள். சிற்றாறு பொருநையோடு கூடும் சீவலப்பேரியில் இத்தெய்வத்தின் பிரசித்தமான கோயில் இருக்கிறது. காளிப்புலையன் என்ற மந்திரவாதியோடு சுடலை மோதும் பகுதி இக்கதையின் சிகரம். அதைக் கணியானின் மகுடத்தில் கேளுங்கள்.

ஐவர் ராசாக்கள் கதை வள்ளியூர்க் கோட்டையின் கதை. கன்னடிய மன்னன் மகளின் காதலை ஏற்க மறுத்த குலசேகர பாண்டியன் போரில் தோற்று உயிர் துறக்க, அவள் பிணத்துக்கு மாலையிடுகிறாள். இதில் போர் வர்ணனைகள் நீளம்; அவற்றைப் பொறுத்துக்கொண்டு அந்த மாலைக்காகக் காத்திருக்கலாம். கட்டபொம்மன் கதையில், 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் நிகழ்ந்த தூக்கைவிட, போருக்குப் புறப்படும் தளபதி வெள்ளையத்தேவனை அவன் மனைவி வெள்ளையம்மாள் தீக்கனாக் கண்டு தடுக்கும் பகுதியையே விரும்பிக் கேட்பேன். நல்லதங்காள் கதையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவள் தன் குழந்தைகளைக் கிணற்றில் எறியும் இடத்தில் பெண்கள் எழுந்து போய்விடுவதும் உண்டு, அப்படிப் போவது புலவருக்குக் குறையுமன்று.

அகால மரணம் அடைந்தவர்களைப் பாடிச் சாந்தப்படுத்துவது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமா என்று கேட்டால், இல்லை. ஜப்பான் தேசத்தில் கண்பார்வையற்ற பாணர்கள், பீவா என்னும் நரம்புக் கருவியை மீட்டி, 1185-இல் தான்-நோ-உரா கடற்போரில் அழிந்த ஹெய்கே வம்சத்தாரின் கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தார்கள். போரில் மாண்டோரின் ஆவிகள் அதனால் அமைதி அடையும் என்பது அங்கும் நம்பிக்கை. ஆனால் அங்கே பாணன் தனியாக அமர்ந்து பாடுகிறான். இங்கே மாண்டவனின் கதையை ஒரு குழு பாட, ஓர் ஊரே கேட்டிருக்க, மாண்டவனே சாமியாடியின் உடலில் எழுந்து வந்து ஊரோடு பேசுகிறான்.

இக்காலத்தில் இளம்பெண்கள் தலைமை தாங்கும் குழுக்கள் பல நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் தோன்றியிருக்கின்றன. ஒரே நிறப் புடவையில் வந்து வில்லின் முன் அமரும் அவர்களைக் காண்பதற்கென்றே பக்கத்து ஊர் இளைஞர்கள் திரள்வதும், கைப்பேசியில் பதிந்து பலருக்கும் அனுப்புவதும் சாதாரணமாகிவிட்டன. இதைக் குறைகூறும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெண்களுள் சிலர் வரத்துப் பாடும்போது எழும் கம்பீரம் எந்த மூத்த புலவருக்கும் இளைத்ததன்று. எனக்குள்ள வருத்தமெல்லாம் வேறு: சினிமா மெட்டுகள் கதைக்குள் நுழைவதும், மின்னிசைக் கருவிகளின் ஓசையில் குடத்தின் குரல் அமுங்குவதும், எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம் குறைக்கப்படுவதும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி நள்ளிரவில் வில்லை இறக்கிவைத்துவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் பந்தலை ஒழித்துக் கொடுக்கச் சொன்னால், எந்தக் குழுவால் பட்டனைச் செருப்புத் தைக்க வைக்க முடியும்? பிறப்பைப் பாடி, மணத்தைப் பாடி, மரணத்தை இரண்டு வரி வசனத்தில் முடித்து வாழி பாடிவிடுகிறார்கள்.

ஆகையால் கொடை நடத்தும் வரிதாரர்களிடம் என் விண்ணப்பம் இதுதான். குழுவோடு பேசும்போது கூலியை மட்டும் பேசாமல், எந்தக் கதை, எந்தப் பாடம், எத்தனை நாழிகை என்பதையும் பேசி முடிவு செய்யுங்கள். குடத்துக்கு அருகே ஓர் ஒலிவாங்கி தனியே வையுங்கள். முத்துப்பட்டன் கதையை ஏற்பாடு செய்தால், அந்த இரவில் வேறு நிகழ்ச்சி எதையும் வைக்க வேண்டாம்.