நஞ்சும் முறிவும்: மருத்துவ ஆய்வில் பிராந்திய ஒத்துழைப்பு – ஒரு விமர்சன நோக்கு

வளர்முக நாடுகளின் மருத்துவ ஆய்வுத்திறனைக் கட்டியெழுப்புதல் என்னுந் தொடர் மாநாடுகளிலும் திட்ட அறிக்கைகளிலும் பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. பயிற்சிப் பட்டறைகள், புலமைப்பரிசில்கள், ஆய்வுகூடக் கருவிகள் ஆகியவற்றின் தொகுதியே அத்திறன் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. எந்த நோயை ஆராய்வது, எந்த வினாவை எழுப்புவது என்பவற்றைத் தீர்மானிப்பவர் யாவர் என்பது அங்கு அரிதாகவே கேட்கப்படுகின்றது. கலைப்பீட மாணவர் ஒருவர் இவ்விடயத்தில் விமர்சனம் செய்யப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், இலக்கியத்தைப் போலவே ஆய்வும் ஒரு சமூகச் செயற்பாடு. அது யாருடைய தேவையிலிருந்து பிறக்கின்றது, யாரைச் சென்றடைகின்றது என நோக்குவது விமர்சனத்தின் பணியேயாகும். குடாநாட்டு மக்கள் நன்கறிந்த பாம்புக்கடியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை நோக்கலாம்.

பாம்புக்கடி உழைப்பாளரின் நோய். புகையிலைத் தோட்டத்திலும் வெங்காயப் பாத்தியிலும் வெறுங்காலுடன் நிற்பவரையும், மண்தரையிற் பாய்விரித்து உறங்குபவரையுமே அது பெரிதும் தாக்குகின்றது. மருந்து வாங்கும் வசதியற்றோரின் நோயாதலால் செல்வந்த நாடுகளின் மருந்துத் தொழில் இதிற் போதிய நாட்டங் காட்டவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2017 இலேயே இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பவலய நோய்களின் பட்டியலிற் சேர்த்தது. இலங்கையின் ஒன்பது மாகாணங்களிலும் 2012–13 இல் 165,665 பேரை உள்ளடக்கி வீட்டுக்கு வீடு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2016 இல் வெளியாயின. ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் கடியுண்டனர் எனவும், அவர்களுள் ஏறத்தாழ 30,000 பேரின் உடலில் நஞ்சேறியது எனவும், 400 பேருக்கு மேல் இறந்தனர் எனவும் அது மதிப்பிட்டது. வைத்தியசாலைப் பதிவேடுகளை மட்டும் நம்பியிருப்பின், அங்கு வந்து சேராதோர் கணக்கில் இடம்பெற்றிரார். இறந்தோரை எண்ணுவதற்கும் ஆய்வுத்திறன் வேண்டும் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். பாம்பின் நஞ்சைச் சிறுசிறு அளவிற் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியில் உருவாகும் பிறபொருளெதிரிகளைப் பிரித்தெடுத்தே விஷமுறிவு மருந்து தயாரிக்கப்படுகின்றது. இலங்கை நீண்ட காலமாக இந்தியாவிலிருந்தே இம்மருந்தைத் தருவித்து வந்துள்ளது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராக அது ஆக்கப்படுவது. அதற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி, சென்னைக்கு அண்மையில் 1978 இல் நிறுவப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து கிடைத்து வந்துள்ளது. தமிழகத்துப் பழங்குடியொன்றின் கைத்திறன் கடல் கடந்து யாழ்ப்பாணத்து விவசாயியின் உயிரைக் காக்கின்றது. பிராந்திய ஒத்துழைப்பு என்னுஞ் சொல் வழக்கிற்கு வருமுன்னரே அதன் ஒரு வடிவம் இங்கு நிலவியது எனலாம்.

எனினும், இது வணிக உறவேயன்றி ஆய்வுறவன்று. ஒரே இனப் பாம்பாயினும் நிலத்துக்கு நிலம் அதன் நஞ்சு வேறுபடும். இலங்கையிற் கண்ணாடிவிரியன் தீண்டியவர்க்குக் குருதி உறையாமையுடன் கண்ணிமை சரிதலும் காணப்படுவது வைத்தியர் அறிந்ததே. சிங்களத்திற் குணகட்டுவா எனப்படும் குழிவிரியனின் நஞ்சு அந்நான்கினுள் அடங்குவதுமில்லை. ஓரிடத்து நஞ்சினால் ஆன மருந்தை வேறிடத்திற் பரிசோதனையின்றி ஏற்பதன் விளைவை ஆபிரிக்காவிற் காணலாம். கானாவின் கிராமப்புறமொன்றில், சுருட்டைவிரியனின் உறவுப் பாம்பு தீண்டியோருக்கு இந்தியத் தயாரிப்பொன்று புதிதாக வழங்கப்பட்டபோது, இறப்பு வீதம் 1.8 இலிருந்து 12.1 ஆக உயர்ந்தமை 2008 இல் வெளியான ஆய்வொன்றினாற் புலனாயிற்று. மருந்தை வாங்கும் நாட்டுக்கு அதனைச் சோதிக்கும் ஆற்றலும் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

அத்தகைய ஆற்றல் நமது நாட்டில் இல்லாமலில்லை. விஷமுறிவு மருந்து உயிர் காப்பினும், நோயாளர் பலருக்குக் கடும் ஒவ்வாமையையும் விளைவிப்பது. அதனைத் தடுக்கச் சில மருந்துகள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டு வந்தன. அவை பயன்தரும் என்பதற்கோ போதிய சான்றிருக்கவில்லை. இலங்கை ஆய்வாளர் 1007 நோயாளரைக் கொண்டு, போலி மருந்துடன் ஒப்பிட்டு நடத்திய பரிசோதனை 2011 இல் வெளியாயிற்று. அவர்களுள் 752 பேருக்கு ஒவ்வாமை தோன்றியது. சிறிதளவு அதிரினலின் முதல் ஒரு மணி நேரத்திற் கடும் ஒவ்வாமையை 43 வீதத்தாற் குறைத்தது. ஹைட்ரோகோட்டிசோனும் புரோமெதசீனும் பயனளிக்கவில்லை. ஆராயப்பட்டவை மலிவானவை, புதியன அல்ல. எனினும், நாள்தோறும் விடுதியில் நிற்கும் வைத்தியரின் ஐயத்திலிருந்தே அவ்வினா பிறந்தது. இலண்டனிலோ நியூயோர்க்கிலோ அத்தகைய வினா எழுவதற்கான சூழல் இல்லை.

யாழ்ப்பாணத்தின் இடம் யாது? சுருட்டைவிரியன் கொடிய பாம்பெனக் கருதப்பட்டு வந்தபோதும், அதன் கடி பற்றி இலங்கையில் முறையான மருத்துவ ஆய்வு நெடுங்காலம் இருக்கவில்லை. போர் முடிவுற்ற 2009 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் நோயாளரை நேரிற் கண்டு செய்யப்பட்ட ஆய்வு, குடாநாட்டு வைத்தியரும் பேராதனை ஆய்வாளரும் இணைந்து எழுதிய கட்டுரையாக 2011 இல் வெளிவந்தது. நாட்டினுள்ளேயே அமைந்த ஒத்துழைப்பின் நற்பயன் இது. நோயாளர் இங்கிருந்தனர்; நோக்கும் வைத்தியர் இங்கிருந்தனர்; நஞ்சியல் அனுபவம் அங்கிருந்தது. உலர்ந்த கண்ணாடிக் குழாயிற் குருதியை இருபது நிமிடம் வைத்து, அது உறைகின்றதா என நோக்கும் எளிய சோதனையும் ஒழுங்கான பதிவும் இத்தகைய ஆய்வின் அடிப்படைகள். கருவி இல்லாமையை மட்டுமே காரணங்காட்டுதல் ஏற்புடையதன்று.

பதிவு என்றதும் மொழி முன்னிற்கின்றது. குடாநாட்டார் புடையன் என்பதைத் தமிழகத்தார் கண்ணாடிவிரியன் என்பர். கட்டுவிரியனோ பெயரால் விரியனாயினும் நாகத்தின் குடும்பத்தது. அதன் நஞ்சு நரம்பைத் தாக்கும். சுருட்டைவிரியனின் நஞ்சு குருதியைக் கெடுக்கும். ‘விரியன் கடித்தது’ என உறவினர் கூறியதை அவ்வாறே எழுதிக்கொண்டால், அப்பதிவு ஆய்வுக்குப் பயன்படாது. பாக்குநீரிணையின் இரு கரைகளுக்கும் பொதுவான பாம்புப் பெயரகராதி ஒன்று மருத்துவருக்கு உதவும் ஆய்வுக் கருவியாகும். அதனை ஆக்குவதில் தமிழ்த்துறைக்கும் பங்குண்டு.

ஒத்துழைப்பு என்னும் பெயரால் நிகழ்வன யாவும் சமமானவையல்ல. வறிய பிரதேசம் நோயாளரையும் குருதி மாதிரிகளையும் வழங்க, வினாவும் பகுப்பாய்வும் பெயரும் வேறிடத்திற்குச் சேருமாயின், அது பழைய குடியேற்றப் பொருளாதாரத்தின் புதிய வடிவமே. அதற்கு மாறான முயற்சிகளும் உள. சிறிய நாடாகிய கொஸ்தாரிக்காவின் பல்கலைக்கழக நிறுவனமொன்று, இலங்கைப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு, குணகட்டுவாவையும் உள்ளடக்கிய மருந்தொன்றை உருவாக்குவதிற் பேராதனையுடன் இணைந்தது. அதன் ஆய்வுகூட, விலங்குச் சோதனை முடிவுகள் 2016 இல் வெளியாயின. இரு வளர்முக நாடுகள் தம்முள் நேரே கைகோத்தமை வரவேற்கத்தக்கது. ஆயினும், நோயாளரிடத்து நிறுவப்படும்வரை எம்மருந்தும் வாக்குறுதி மட்டுமே. அவ்விடத்திலேதான் யாழ்ப்பாணம் போன்ற பிரதேசங்களின் பங்கு இன்றியமையாததாகின்றது.

1847 இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தும் நூல்களை மொழிபெயர்த்தும் 1873 வரை பணியாற்றினார். அவர் செய்தது ஏலவே கண்டறியப்பட்ட அறிவை நம் மொழிக்குக் கொணர்தல். அதன் பெருமை குன்றாது. 1978 இல் மருத்துவபீடம் தோன்றிய பின்னர் நம்மிடம் எதிர்பார்க்கப்படுவது அதற்கு அடுத்த படி: இங்கிருந்து அறிவை ஆக்குதல். பரிசோதனைக்கு இசைவு கேட்கும் படிவம் நோயாளி விளங்கிக்கொள்ளும் தமிழில் அமைதல் வேண்டும்; முடிவும் அத்தமிழிலேயே அவரது கிராமத்திற்குத் திரும்புதல் வேண்டும். யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு, சென்னை ஆகியன பொதுவான பதிவு முறையொன்றில் இணைதல் வேண்டும். இவற்றுக்குப் பெரும் நிதியினும் நீடித்த உறுதியே தேவை. புகையிலைத் தோட்டத்திற் கடியுண்டவர் அடுத்த முறை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும்போது, அவருக்கு ஏற்றப்படும் மருந்து அவரைத் தீண்டிய பாம்பின் நஞ்சை முறிக்குமென வைத்தியர் சான்றுடன் கூறக்கூடியதாயிருத்தல் வேண்டும். ஆய்வுத்திறன் வளர்ந்துள்ளதா என்பதை அளக்க அதுவே தக்க அளவுகோலாகும்.